அம்பு நச்சுத் தவளை வளர்ப்பும் முதுகெலும்பிலிக் கண்காட்சிகளும்

முதுகெலும்பிலிக் கண்காட்சி என்பது பூச்சி, சிலந்தி, மரவட்டை முதலியவற்றை வளர்ப்போரும் விற்போரும் கூடும் சந்தை ஆகும். பிரித்தானியாவில் 1935 இல் தோன்றிய தொழில்முறைசாராப் பூச்சியியலாளர் சங்கத்தின் கண்காட்சி இவற்றுள் நன்கு அறியப்பட்டது. இது இலண்டனை அடுத்த கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் பல ஆண்டுகள் நடைபெற்றுள்ளது. பூச்சிச் சந்தையில் தவளை வளர்ப்போருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அவர்கள் தேடிச் செல்வது இரையை.

நடு, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த அம்பு நச்சுத் தவளைகளுள் (டென்ட்ரோபாட்டிடே குடும்பம்) பல 2 முதல் 5 செ.மீ. நீளமே உடையவை. கடைகளில் விற்கும் வளர்ந்த சுவர்க்கோழிகள் இவற்றின் வாய்க்குப் பெரியவை. ஆகவே பறக்க இயலாத பழ ஈக்களும், அதனினும் சிறிய கொலம்போலாக்களும் இரையாகின்றன. இவற்றின் வளர்ப்புக் குடுவை ஒன்று கிடைத்தால் வீட்டிலேயே பெருக்கலாம். பழ ஈயின் அடுத்த தலைமுறை ஏறத்தாழ இரு வாரங்களில் வெளிவரும். கொலம்போலாக்கள் தொட்டியின் பூஞ்சையையும் உண்பதால் துப்புரவுப் பணியும் நடந்துவிடுகிறது.

குடுவையில் சிற்றுண்ணிகள் பெருகினால் ஈக்கள் அழியும். நாள்தோறும் உண்ண வேண்டிய இளந்தவளைகள் அப்போது பட்டினியால் இறக்கக்கூடும். எனவே புதிதாக வாங்கிய குடுவையைப் பழையவற்றோடு சேர்க்காமல், சில நாட்கள் தனியே வைத்துக் கவனிப்பது நன்று. ஈக்களில் கால்சியம் குறைவாதலால் கால்சியத் தூளில் புரட்டிய பின்னரே இடப்படுகின்றன.

காட்டில் இத்தவளைகள் எறும்பு, உண்ணி முதலியவற்றை உண்டே தோலில் நச்சைச் சேர்க்கின்றன. பழ ஈ உண்டு தொட்டியில் பிறந்து வளர்ந்தவற்றில் அந்நச்சு காணப்படுவதில்லை.