ஹீ-மேன் பொம்மை உங்க போர்ட்ஃபோலியோவுல இருக்கலாமா?



போன மாசம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். வயசு 29, ஓஎம்ஆர்ல ஐடி வேலை. அவரோட எக்செல் ஷீட்ல ‘முதலீடு’ங்கிற தலைப்புக்குக் கீழ மியூச்சுவல் ஃபண்ட், பிஎஃப், அதுக்கு அடுத்த வரியில ‘ஃபிகர்ஸ் – ரூ.2,60,000’ன்னு இருந்துச்சு. என்னன்னு கேட்டா, பழைய பிளாஸ்டிக் பொம்மைகள்! வாளும் கேடயமும் வச்ச ஐரோப்பிய வீரர்கள், ஹீ-மேன், ஸ்கெலட்டர்.

சிரிச்சுடாதீங்க. இதுக்கு உலகம் முழுக்க நிஜமாவே ஒரு மார்க்கெட் இருக்கு.

எதுக்கு இவ்வளவு விலை?

இங்கிலாந்தோட பிரிட்டன்ஸ் கம்பெனி 1950-களின் கடைசியில ‘ஸ்வாப்பெட்’னு ஒரு வரிசை கொண்டு வந்தாங்க. தலை, இடுப்பு, ஆயுதம் எல்லாத்தையும் கழட்டி மாத்தலாம். குழந்தைங்க கையில கொடுத்தா என்ன ஆகும்? குட்டி வாளும் உறையும் சோபாவுக்கு அடியில போயிடும். அதனாலதான் எந்தப் பாகமும் தொலையாத பொம்மைக்கு இன்னைக்கு கிராக்கி. 1971-ல இதே கம்பெனி, அடியில உலோகத் தட்டு வச்ச ‘டீடெயில்’ வரிசையை ஆரம்பிச்சாங்க. 1982-ல மேட்டல் கம்பெனி ‘மாஸ்டர்ஸ் ஆஃப் த யுனிவர்ஸ்’ கொண்டு வந்தாங்க. அதுல வந்தவர்தான் ஹீ-மேன். நம்ம ஊர்ல லியோ கம்பெனி தயாரிச்ச ஹீ-மேனைக்கூட வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தேடி வாங்குறாங்க.

சரி, விலை ஏறுதுன்னா முதலீடுதானே? இங்கதான் கணக்கு போடணும்.

10,000 ரூபாய் பொம்மையின் உண்மையான விலை

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வெளிநாட்டு ஏல தளத்துல பொம்மை 10,000 ரூபாய், ஷிப்பிங் 2,000. கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5%, அதுக்கு ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்த்து கிட்டத்தட்ட 500. கஸ்டம்ஸ் 3,500-ன்னு வச்சுக்குவோம். உங்க கைக்கு வரும்போது அது 16,000 ரூபாய் பொம்மை.

“பழைய பொருள்தானே சார், ஆன்டிக்னு சொல்லிடலாமே?” முடியாது. கஸ்டம்ஸ்ல ஆன்டிக்னா 100 வருஷத்துக்கு மேல பழசா இருக்கணும். ஸ்வாப்பெட்டுக்கே இன்னும் 70 வயசு முடியல.

இப்ப விக்கிறீங்க. தளத்தோட கமிஷன் 13%னு வச்சா, போட்ட 16,000 திரும்பி வரவே நீங்க சுமார் 18,400-க்கு விக்கணும். அதாவது 10,000 ரூபாய் மார்க்கெட் விலை 84% ஏறணும். வருஷத்துக்கு 8% ஏறினாலும் கிட்டத்தட்ட 8 வருஷம் ஆகும். அதுவும் லாபத்துக்கு இல்லீங்க, அசலுக்கு!

இன்னும் மூணு ரிஸ்க்

1. பிளாஸ்டிக் சும்மா வச்சிருந்தாலே கெடும். சில வகை மொரமொரன்னு உடையும், சில வகை பிசுபிசுன்னு ஒட்டும். பழைய ஹீ-மேனோட காலைப் பிடிச்சிருக்கிறது உள்ள இருக்கிற ரப்பர். நம்ம ஊர் வெயில்ல அது எத்தனை நாள் தாங்கும்?

2. வாங்குறவங்க யாரு? சின்ன வயசுல அதை வச்சு விளையாடினவங்கதான். ஸ்வாப்பெட்டோட விளையாடின பசங்களுக்கு இப்ப 70 வயசை நெருங்குது. அவங்க வீட்டுப் பரண்ல இருக்கிறதெல்லாம் விற்பனைக்கு வரும்போது வாங்க ஆள் இருப்பாங்களா?

3. கம்பெனி நினைச்சா திரும்பவும் தயாரிக்கலாம். மேட்டல் 2020-ல ‘ஒரிஜின்ஸ்’னு பழைய தோற்றத்துலயே ஹீ-மேனை மறுபடி இறக்கினாங்க. ஒரிஜினலுக்கு மதிப்பு போயிடாது. ஆனா “எனக்கு அலமாரியில ஒரு ஹீ-மேன் இருந்தா போதும்”ங்கிறவர் ஏன் பழசுக்கு அதிகம் கொடுக்கப் போறார்?

வரி எப்படி?

சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருளை வித்தா பொதுவா கேப்பிட்டல் கெயின்ஸ் கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் மாதிரி சிலதுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனா டப்பாவைக்கூட பிரிக்காம ‘முதலீடு’ன்னு எழுதி வச்சுட்டு, அப்புறம் ‘சொந்த உபயோகம்’னு சொன்னா எடுபடுறது கஷ்டம். அடிக்கடி வாங்கி வித்தீங்கன்னா அது வியாபார வருமானம். சொந்த உபயோகம்தான்னு நின்னா, நஷ்டம் வந்தாலும் அதைக் காட்டிக் கழிக்க முடியாது. ரெண்டு பக்கமும் சாதகமா பேச முடியாது.

அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?

அவர் அப்பாவுக்கு திடீர்னு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாச்சு. ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்கல. ரெண்டு நாள்ல 2 லட்சம் வேணும். பொம்மைகளை விற்பனைக்குப் போட்டார். முதல் விசாரிப்பு வரவே மூணு வாரம் ஆச்சு. மொத்தத்துக்கும் 90,000 தர்றதா ஒருத்தர் சொன்னார். அதுக்குள்ள இவர் பர்சனல் லோன் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தார். அப்பா நல்லா இருக்கார். இஎம்ஐ ஓடிக்கிட்டிருக்கு.

“எல்லாத்தையும் வித்துடவா சார்?”ன்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். அதுல அவருக்கு நிஜமான சந்தோஷம் இருக்கு. சந்தோஷத்துக்கு செலவு பண்றது தப்பே இல்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். எஸ்ஐபியை நிறுத்தாதீங்க. இதுக்கெல்லாம் அப்புறம் சம்பளத்துல 2 அல்லது 3% பொம்மைக்கு. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து அந்த 2,60,000 ரூபாய் வரியை ‘முதலீடு’ல இருந்து வெட்டி ‘செலவு’ல ஒட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மாத்திட்டார்.

ஸ்னீக்கர், வாட்ச், பொம்மை… உங்க ஷீட்லயும் அப்படி ஒரு வரி இருக்கா? இன்னைக்கே பாருங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.