அப்பாவுக்கு அரை நாள், அக்காவுக்கு ஒன்பது நாள்

2021 மே மாதம். லண்டனில் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்திலிருந்து அம்மாவின் வாட்ஸ்அப் கால்.

"அம்மாடி, அப்பாவுக்கு நேத்துலேருந்து காய்ச்சல். மூக்குல டெஸ்ட் எடுத்திருக்கு. ரிசல்ட் வர மூணு நாள் ஆகுமாம்."

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் ரேடியோகிராஃபர். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பதுதான் வேலை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே சி.டி. எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். 2020-ல் முதல் அலையின்போது எங்கள் வார்டுகளில் பெரும்பாலானவர்களுக்கு எடுத்தது, படுக்கைப் பக்கமே தள்ளிக்கொண்டு போகிற எக்ஸ்ரேதான். ஆனால் அப்பா என்று வந்தபோது படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! சித்தப்பா பையனுக்குப் போன் போட்டு, "உடனே கார் புடிச்சுத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போடா, ஸ்கேன் எடுத்துடு, பணம் நான் போடுறேன்" என்றேன்.

அரை நாளில் வேலை முடிந்தது. ஸ்கேனுக்கும் காருக்கும் சேர்த்து 8,500 ரூபாய். ரிப்போர்ட் என் போனுக்கே வந்துவிட்டது: 25-க்கு 3.

அந்த 25 அப்போது நம் எல்லோர் வாயிலும் இருந்ததே, நினைவிருக்கிறதா? நுரையீரலில் ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் பாதிப்பு எவ்வளவு என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். அப்பாவின் 3, லேசான பாதிப்பு. சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை. அந்த ஸ்கேன் தேவைப்பட்டது எனக்கு, அப்பாவுக்கு அல்ல.

அந்த மாதம் 3-ம் தேதிதான் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா, லேசான தொற்றுக்கு சி.டி. எடுக்க ஓடாதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அவர் சொன்ன கதிர்வீச்சு அளவு பழைய கணக்கு என்று ரேடியாலஜி மருத்துவர்கள் மறுத்தார்கள். ஆனால் லேசான அறிகுறி உள்ள எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிப்போர்ட் வந்த அன்று அம்மா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "நம்ம வீட்டு வேலைக்கு வர்ற அக்காவும் நாலு நாளா வரல. அவளுக்கும் இருமலாம்." நான், "மாஸ்க் போட்டுக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் அந்த அக்காவுக்குப் பேச மூச்சு வரவில்லை. நான் அனுப்பிய ஆக்சிமீட்டரை அப்போதுதான் அம்மா எடுத்துக்கொண்டு போனார். 94-க்குக் குறைந்தாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும்; அவருக்கு 84 காட்டியது. 108-ஐ வரவழைத்து அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எடுத்த ஸ்கேனில் 25-க்கு 17. இரண்டு வாரத்துக்கு மேல் ஆக்சிஜன். பிழைத்து வந்தார்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது கேட்டேன், "ஏங்க்கா, அப்பவே போயிருக்கலாமே?"

"எதுல போறது பாப்பா? பஸ் ஓடல. ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐநூறு கேட்டாங்க. போனா புடிச்சு உள்ள போட்டுருவாங்கன்னு வேற பயம். துணைக்கு வந்தா எம்மவ கூலி போயிடும்."

மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. தனியாரோடு பார்த்தால் அங்கே கட்டணம் மிகக் குறைவு. மகாராஷ்டிரத்தில் 2020 செப்டம்பரிலேயே தனியார் சி.டி. கட்டணத்துக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை உச்சவரம்பு வைத்தார்கள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் மெஷின் இருக்கும் வாசல் வரை வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அவை உதவும். அக்காவுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவில் நின்றது பஸ், ஒரு நாள் கூலி, பயம். எனக்கு நடுவில் ஒன்றுமே நிற்கவில்லை. 5,000 மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டே எடுக்க வைத்தேன். தேவையில்லாதவருக்கு இரண்டாம் நாளே ஸ்கேன், தேவைப்பட்டவருக்கு ஒன்பதாம் நாள்.

என்னை உறுத்துவது அந்த 8,500 ரூபாய் அல்ல. ஆக்சிமீட்டர் ஒன்பது நாளும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி.

வெளிநாட்டில் இருக்கும் நாம் ஊரில் உள்ள பெற்றோருக்கு அடிக்கடி பணம் போடுகிறோம். அடுத்த முறை போடும்போது, அந்த வீட்டில் வேலை செய்பவர்களையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறார்களா? அவசரத்துக்கு யார் வண்டி வரும்? இதற்கு நான் படித்த படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு போன் போதும்.

அக்கா இப்போது மறுபடி வேலைக்கு வருகிறார். ரெண்டு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசி முடித்ததும், "அக்காகிட்ட குடும்மா" என்கிறேன்.