ஜவ்வுக்கு வலிக்காது

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி மல்லாட்டையை ஐப்பசி, கார்த்திகையில் செடியோடு பிடுங்குவார்கள். பிறகு நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து காய் ஆய வேண்டும். பெரும்பாலும் அது பெண்களின் வேலை. முப்பது வருஷம் அப்படி உட்கார்ந்து எழுந்த முழங்கால் ஒருநாள் பஸ் படியில் ஏற மறுக்கிறது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனாலும், முன்பெல்லாம் வெறுங்காலோடு சுற்றி வந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நினைத்துக்கொண்டு கோபுர வாசலிலேயே உட்கார்ந்துவிட வேண்டியிருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு தேஞ்சிடுச்சும்மா" என்கிறார்.

தேய்ந்தது உண்மைதான். ஆனால் வலிப்பது அந்த ஜவ்வு கிடையாது. எலும்பு முனைகளை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான் ஜவ்வு என்கிறோம். நல்ல நிலையில் உள்ள குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நகத்தை வெட்டும்போது நமக்கு எப்படித் தெரிவதில்லையோ, அப்படித்தான் அது தேய்வதும். படத்தில் மூட்டு இடைவெளியே காணாத ஒருவர் வரப்பில் நடந்து போய்க்கொண்டிருப்பதும், லேசாகத் தேய்ந்த இன்னொருவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பதும் மூட்டு மருத்துவர்கள் தினமும் பார்க்கிற காட்சி.

அப்படியானால் வலி எங்கே பிறக்கிறது? மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில், அதைச் சுற்றிய உறையில், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பில். இங்கெல்லாம் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. உதிர்ந்த துகள்கள் உறுத்த உறுத்தச் சவ்வு வீங்குகிறது. வீக்கத்தில் ஊறும் ரசாயனங்கள் நரம்பு முனைகளைத் தொட்டாற்சிணுங்கி ஆக்கிவிடுகின்றன. அந்த முனைகளில் உள்ள ஒரு புரதக் கதவை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு அடையாளம் கண்டது. மிளகாயின் காரம் பட்டால் அது திறக்கும். சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் திறக்கும். நாக்கில் மிளகாய் 'எரிவது' ஏன் என்பதற்கு விடை இதுதான். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்தக் கண்டுபிடிப்பு காரணமானது. வீங்கிய இடத்தில் இந்தக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்துவிடும். உடம்பின் சாதாரணச் சூடே அதைத் திறக்கப் போதும். மிளகாய்ச் சத்து கலந்த களிம்பை முழங்காலில் தடவச் சொல்வதும் இந்தக் கதவை நம்பித்தான்: திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட முனை களைத்து அடங்கிவிடும்.

முனையில் பிறந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர வழி வேண்டும். முழங்காலைச் சுற்றி வளைந்து ஓடும் மெல்லிய கிளை நரம்புகள்தான் அந்த வழி. அந்த நரம்புகளைச் சூட்டால் அறுத்துச் சேதியை நிறுத்தும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அவற்றில் மூன்று, எலும்பை ஒட்டியே ஓடுகின்றன: தொடை எலும்பின் கீழ்முனையில் இருபக்கமும் ஒவ்வொன்று, கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையில் உட்பக்கம் ஒன்று. மெலிந்த இழைகளாக இருந்தாலும் எலும்பை அடையாளமாக வைத்து இவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். வெளிப்பக்கம் கீழே ஓடும் நான்காவதை வழக்கமாகத் தொடுவதில்லை. அதன் அருகில் பாதத்தைத் தூக்கும் பெரிய நரம்பு போகிறது; அதில் சூடு பட்டால் நடக்கும்போது பாதம் தொங்கிப்போகும்.

சிகிச்சையின் முதல் படி ஒரு பரீட்சை. அந்த மூன்று இடங்களிலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சொட்டளவு செலுத்தி, நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வார்கள். சில மணி நேரத்துக்காவது வலி பாதிக்கு மேல் குறைந்தால் சரியான நரம்பைப் பிடித்தாயிற்று. குறையவில்லை என்றால் மேற்கொண்டு போவதில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பல வைத்தியங்களில் காசு கட்டிய பிறகுதான் பலன் தெரியும்.

இரண்டாவது படியில் வேலை ஊசிக்கு. நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பு பூசிய ஊசி அது. எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வழிகாட்ட, எலும்பைத் தொடும்வரை இறக்குகிறார்கள். முதலில் லேசான மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். முழங்காலுக்குள் கூச்சம் தெரிய வேண்டும், பாதம் துள்ளக் கூடாது. பிறகு ரேடியோ அலை வேகத்தில் திசை மாறும் மின்சாரம் பாய்கிறது. சதையில் உள்ள அயனிகள் அந்த வேகத்துக்கு முன்னும் பின்னும் அதிர்ந்து உரச, அந்த உரசலில் சூடு பிறக்கிறது. 70, 80 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம், நரம்பிழை வெந்து அறுபடுகிறது. ஊசிக்குள் தண்ணீரை ஓடவிட்டு நுனியைக் குளிர்விக்கும் வகையும் உண்டு. நுனியை ஒட்டிய சதை கருகாததால் சூடு இன்னும் அகலமாகப் பரவும். அமெரிக்காவில் 2017இல் அதை முழங்கால் வலிக்கு அனுமதித்தார்கள்.

இது மனசின் ஆறுதல் மட்டுமா என்று 2011இல் கொரியாவில் சோதித்தார்கள். 38 முதியவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான சூடு, மறுபாதிக்கு எல்லாச் சடங்கும் உண்டு, சூடு மட்டும் கிடையாது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சூடு பெற்று, கடைசிவரை ஆய்வில் இருந்த 17 பேரில் 10 பேருக்கு வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. மற்ற பிரிவில் ஒருவருக்கும் அந்த அளவு குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதன் பிறகே இந்த முறை உலகமெங்கும் பரவியது.

வலியை நிறுத்தினால் மூட்டு கெட்டுவிடாதா என்ற பயம் நியாயமானது. வலி ஒரு காவலாளியும்தான். நரம்பு வளரத் தூண்டும் ஒரு புரதத்தைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி மொந்தால்சினிக்கு 1986இல் நோபல் கிடைத்தது. முழங்கால் வலியில் அந்தப் புரதத்தை அடக்க டானெசுமாப் என்ற மருந்தை உருவாக்கினார்கள். வலி குறைந்தது, சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2010இல் சோதனைகள் நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கி, 2021இல் அமெரிக்க நிபுணர் குழு அதை ஏற்க மறுத்தது. அந்த மருந்தைப்போல இந்த ஊசிமுறை உடம்பெங்கும் பரவுவதில்லை. ஒரு முழங்காலின் மூன்று கிளைகளோடு நின்றுவிடுகிறது. மூட்டின் மற்ற நரம்புகள் விழித்தே இருக்கின்றன.

அறுபட்ட நரம்பும் சும்மா இருக்காது. அதன் உறை மிஞ்சியிருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் அதற்குள் திரும்ப வளரும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து வலி திரும்பலாம். அப்போது மறுபடி செய்துகொள்ள முடியும். குருத்தெலும்பு மட்டும் துளிகூட வளர்ந்திருக்காது.

என் பார்வையில் இந்தச் சிகிச்சையின் அருமையே வலி திரும்பும்வரை கிடைக்கும் அந்த இடைவெளிதான். வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தொடையின் முன்தசை சூம்பும். சூம்பினால் மூட்டு இன்னும் அதிகச் சுமை தாங்க வேண்டிவரும். வலி இன்னும் கூடும். வலியில்லாத ஆறு மாசத்தில் அந்தச் சுழலை உடைக்கலாம். ஊசி நகரத்து வலி மருத்துவரிடம் இருக்கிறது. அதற்குப் பிறகான வேலை வீட்டிலேயே நடக்க வேண்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. காய் ஆயும் அம்மா செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மல்லாட்டை ஆயும் இடத்துக்கு ஒரு முக்காலி கொண்டுபோவது, காலையிலும் மாலையிலும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவது, பிறகு அடுத்த கால்.