ஈறு நோய்: சிகிச்சையின் பலன் எதைப் பொறுத்தது?

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் கிருமிப் படலமே ஈறு நோய்க்கு மூல காரணம். முதலில் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும். இந்த நிலையில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். நல்ல ஈறில் இந்த இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்கும். அதைவிட ஆழமானால் பிரஷ் எட்டாது. வேர்வரை படிந்த காறையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பின் புண் ஆறி ஈறு இறுகுவது நோயாளியின் உடல்நிலையைப் பொறுத்தது.

அதற்குப் பெரிய தடை புகையிலை. நிகோடின் ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு குறைந்து, நோய் முற்றியதே தெரியாமல் போகும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சரிவர வேலை செய்யாது. அதனால் புகைப்பவருக்குப் பள்ளம் குறைவாகவே மூடும். வாயில் அடக்கும் புகையிலை, அது படும் இடத்தில் ஈறை இறங்கச் செய்யும்.

அடுத்தது சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் அழற்சி மிகும், புண் ஆறத் தாமதமாகும். ஈறு அழற்சியும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். ஈறு சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில், சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சற்றுக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய வகைப்பாடு இவ்விரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவரும், ஹெச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சர்க்கரை நோயாளியும் நோய் வேகமாக முற்றக்கூடிய பிரிவில் வைக்கப்படுகிறார்கள்.

சில மருந்துகளும் குறுக்கிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும், எலும்புத் தேய்வுக்கு ஊசி போடுபவர்களும் அதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அப்போதும் பல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பள்ளத்தின் ஆழம் மறுபடி அளக்கப்படும். நோய் முற்றியவர்கள் அதன் பிறகும் பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும். புகையை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, தினமும் பல் இடுக்குகளையும் சுத்தம் செய்பவருக்கு அந்த இடைவெளியை மருத்துவர் நீட்டித்துத் தரலாம்.