'மெயில் வந்துட்டா?' - ரயிலில் வந்த பை இப்போது யார் கையில்?

'மெயில் வந்துட்டா?'

சங்கரன்கோவிலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், கேட்பவரின் வயதைப் பார்க்க வேண்டும். எழுபதைத் தாண்டிய தாத்தா கேட்டால், அவர் மனதில் ஓடுவது ரயில். டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கும் பேத்தி கேட்டால், அவர் கண் இருப்பது செல்போன் திரையில். சொல் ஒன்றுதான். ஆனால், தாத்தாவின் மெயில் தாமதமானால் கொஞ்ச நேரம் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பேத்தியின் மெயில் தவறினால், ஒரு வருடப் படிப்போ, ஒரு வேலையோ கைநழுவிப் போகலாம்.

ஆங்கிலத்தில் இருந்து வந்து, அச்சு அசல் தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்ட இந்த 'மெயில்' என்ன பொருள் எல்லாம் தருகிறது? நமக்கு ஏன் அதில் கவனம் வேண்டும்?

தண்டவாளத்தில் வந்த மெயில்

விருதுநகரில் இருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது 1927-ல். அதற்கு முன்பே, 1904-ல் செங்கோட்டை - கொல்லம் மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டும் இணைந்த பிறகு, சென்னையில் இருந்து கொல்லம் செல்லும் ரயில் இந்த ஊர் வழியாகப் போனது. மீட்டர் கேஜ் காலத்துப் பெரியவர்களுக்கு அது இன்றும் 'கொல்லம் மெயில்'தான்.

இந்தப் பெயர் இங்கே மட்டும் அல்ல. சென்னை - ராமேஸ்வரம் ரயிலை 'போட் மெயில்' என்பார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பின், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், பிறகு இலங்கையில் மறுபடி ரயில் என்று பயணம் தொடர்ந்ததால் வந்த பெயர் அது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னாளில் கப்பல் தொடர்பும் அறுந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. திருவனந்தபுரம் மெயில், மங்களூர் மெயில் என்று இன்றும் ஓடுகின்றன.

ரயிலுக்கு ஏன் மெயில் என்று பெயர்? தபால் பைகளைச் சுமந்து சென்றதால்தான். ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே மெயில் சர்வீஸ் ஊழியர்கள் ஓடும் ரயிலிலேயே கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து அடுக்குவார்கள். அந்தப் பெட்டியிலேயே கடிதம் போடுவதற்கான துளையும் இருக்கும். அவசரக் கடிதம் என்றால், தாமதக் கட்டணத்துக்கான தபால்தலையையும் ஒட்டி, நிற்கும் ரயிலிலேயே போட்டுவிடலாம்.

முதலில் அது ஒரு பை

சரி, ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சு மொழியில் 'மால்' என்றால் பை, பெட்டி. அதுவே ஆங்கிலத்தில் பயணப் பையைக் குறித்தது. பிறகு 'கடிதங்கள் நிறைந்த பை' என்ற பொருளுக்கு மாறி, பைக்குள் இருக்கும் கடிதத்துக்கே பெயராகிவிட்டது. இந்தப் பைக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் கடிதம் கொண்டுவரும் நிறுவனத்தின் பெயர் 'ராயல் மெயில்'. ஆனால், மக்கள் கடிதத்தை 'போஸ்ட்' என்கிறார்கள். அமெரிக்காவில் கொண்டுவருவது 'போஸ்டல் சர்வீஸ்'. மக்கள் சொல்வதோ 'மெயில்'! நம் ஊரில் தாளில் வந்தால் தபால், திரையில் வந்தால் மெயில் என்று தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறோம்.

ஒரே உருவம், வேறு வேறு பிறப்பு

சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் காட்சி தரும் ஊர் இது. ஆடித்தபசுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். 'மெயில்' என்ற ஒற்றை உருவத்துக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் ஒளிந்திருக்கின்றன.

சரித்திரப் படங்களில் போர்வீரர்கள் அணியும், இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கவசத்துக்கும் ஆங்கிலத்தில் 'மெயில்' என்றே பெயர். கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வலைக்கண்ணி என்ற பொருளுள்ள வேறொரு பழைய சொல்லில் இருந்து வந்தது அது.

அடுத்தது, நம் சீரியல் வில்லிகளுக்குப் பிடித்த 'பிளாக்மெயில்'. மிரட்டல் கடிதம் எழுதுவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'மெயில்' என்றால் வரி, குத்தகை. 16-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில், 'பணம் கொடுத்தால் உன் பயிரையும் மாட்டையும் விட்டுவிடுகிறோம்' என்று விவசாயிகளிடம் தண்டல் செய்தார்கள். அந்த மாமூலுக்குப் பெயர்தான் பிளாக்மெயில். இதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள், பேச்சு, உடன்பாடு.

பக்கத்து ஊரும் இமெயிலும்

1971-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ரே டாம்லின்சன், ஒரு கம்ப்யூட்டரில் இருந்து வலைப்பின்னல் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

'இமெயிலைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் சொல்லப்படும் சிவா அய்யாதுரையின் பூர்வீகம், ராஜபாளையம் பக்கத்தில் உள்ள முகவூர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர், 1978-ல் பள்ளி மாணவராக இருந்தபோது அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'இமெயில்'. 1982-ல் அந்த புரோகிராமுக்குப் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார். ஆனால், அதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த முறை புழக்கத்தில் இருந்ததால், இமெயிலையே கண்டுபிடித்தவர் அவர் என்பதைத் தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. பக்கத்து ஊர்ப் பையன் பதினான்கு வயதில் ஒரு புரோகிராம் எழுதினார் என்பதே பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

உங்கள் பை யார் கையில்?

இப்போது பைக் கதைக்கு வருவோம். தபால் பைக்கு முத்திரை வைத்துக் கட்டி அனுப்புவார்கள். ஏனென்றால், பை யார் கையில் இருக்கிறதோ, கடிதமும் அவர் கையில்தான். இமெயிலிலும் அதே கதைதான்.

நம் ஊர்களில் பலருடைய முதல் மெயில் ஐடி எப்படிப் பிறந்தது? ஸ்காலர்ஷிப்புக்கோ, வேலைக்கோ விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டருக்குப் போவோம். 'மெயில் ஐடி இருக்காம்மா?' 'இல்லண்ணே.' 'சரி, நானே போட்டுக்கிடுதேன்.' ஐந்து நிமிடத்தில் ஐடி தயார். பாஸ்வேர்டு அந்த அண்ணனுக்குத் தெரியும். சில நேரம் மொபைல் எண்ணும் அவருடையதாகவே இருக்கும். எனக்கும் முதல் ஐடி இப்படித்தான் கிடைத்தது. அந்த அண்ணன் செய்தது உதவிதான். வரிசையில் நிற்கும் ஐம்பது பேரின் வேலையும் முடிய வேண்டுமே.

சிக்கல் பிறகு வருகிறது. டி.என்.பி.எஸ்.சி-யின் ஒருமுறைப் பதிவுக்கு மெயிலும் மொபைல் எண்ணும் கட்டாயம். சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு போன்ற தகவல்கள் தபாலில் வராது, இணையதளத்திலும், எஸ்.எம்.எஸ்., மெயில் வழியாகவும்தான் வரும் என்று தேர்வாணையம் தன் அறிவிக்கைகளிலேயே சொல்கிறது. நீட் தேர்வு, பொறியியல் கலந்தாய்வு, பாஸ்போர்ட், வருமான வரி என எல்லாவற்றிலும் இதே நிலைதான். விசைத்தறி ஓட்டி மகளைப் படிக்கவைக்கும் ஒரு வீட்டில், அந்தப் பெண்ணுக்கான அழைப்பு யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் திறக்கப்படாமலே கிடந்தால்? தபால்காரர் என்றால் தெருவில் நான்கு பேரிடம் விசாரித்தாவது வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். மெயில் விசாரிக்காது.

வெளிநாட்டினர் பெரும்பாலும் 'இமெயில் அட்ரஸ்' என்பார்கள். 'மெயில் ஐடி' என்பது நம் நாட்டு வழக்கு. யோசித்தால், நம் சொல்லே பொருத்தம். இன்றைக்கு அது வெறும் முகவரி அல்ல. ஆதார் போல ஓர் அடையாளம்.

இன்றே செய்ய வேண்டியவை

* உங்கள் ஐடியை உங்கள் போனில் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

* கூகுள் அக்கவுன்ட்டின் 'செக்யூரிட்டி' பகுதியில் 'ரெகவரி போன்' என்று இருக்கும். அதில் உங்கள் எண் இருக்க வேண்டும். பழைய எண்ணாகவோ, வேறு ஒருவருடையதாகவோ இருந்தால் உடனே மாற்றுங்கள்.

* அதே பகுதியில், உங்கள் ஐடி எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் 'சைன் அவுட்' கொடுங்கள்.

* இரண்டு வருடங்கள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுன்ட்டை நீக்கிவிடலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எனவே, அவ்வப்போது திறந்து பாருங்கள். 'ஸ்பேம்' பகுதியையும் பாருங்கள். முக்கியமான மெயில் சில நேரம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.

* வங்கி, அரசு என்று சொல்லி மெயில் வந்தால், அனுப்பியவரின் பெயரை நம்பாதீர்கள். '@' குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

* 'உன் வீடியோ என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு' என்று மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். மெயிலை அழிக்காமல் வைத்திருந்து, வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். சைபர் க்ரைம் உதவி எண் 1930. பிள்ளைகள் வந்து சொன்னால், திட்டாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஐடி உங்கள் கையை விட்டே போய்விட்டது என்றால் பதற வேண்டாம். புதிதாக ஒன்றை உங்கள் போனிலேயே, உங்கள் எண்ணிலேயே தொடங்குங்கள். பிறகு நீங்கள் விண்ணப்பித்த தளங்களில் ஒவ்வொன்றாக மெயில் முகவரியை மாற்றுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ரிசல்ட் வருவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது.