முதுகு மண்ணைத் தொட்டதா?

கராச்சியில் முறிந்த கையிலிருந்து கோத்ரூடில் கொடுக்கப்பட்ட நாலு பாயின்ட் வரை, மல்யுத்தத்தில் யார் பெரியவர் என்ற சண்டை மட்டும் ஓய்வதில்லை.

2023 ஜனவரி 14 அன்று புனேயின் கோத்ரூட் பகுதியில் மகாராஷ்டிர கேசரி அரையிறுதி நடந்தது. மகேந்திர கெய்க்வாட் வெளிப்பக்கமாகக் காலைக் கொடுத்து சிக்கந்தர் ஷேக்கைச் சாய்த்தார். நடுவர்கள் நாலு பாயின்ட் கொடுத்தார்கள். சிக்கந்தர் தோற்றார். விழுந்தபோது அவர் முதுகு தரையை நோக்கித் திரும்பியதா, அல்லது பக்கவாட்டில்தான் விழுந்தாரா என்று அன்று இரவு ஆரம்பித்த விவாதத்தில் மகாராஷ்டிரம் முழுவதும் இறங்கியது. டீக்கடையில், பஸ்ஸில், கையிலிருந்த போனில் அந்த இரண்டு வினாடிப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். இறுதிப் போட்டியில் ஷிவ்ராஜ் ராக்ஷே ஒரு நிமிடத்துக்குள் கெய்க்வாடை வீழ்த்திப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் புனேக்கு அருகே ஃபுல்காவில் அடுத்த மகாராஷ்டிர கேசரி பட்டத்தை சிக்கந்தரே வென்றார். ஆனாலும் ஜனவரி விவாதம் தீர்ந்துவிடவில்லை.

புனேயின் பழைய பேட்டைகளில், மண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே, இன்றும் தாலிம்கள் இருக்கின்றன. வடக்கே அகாடா என்பதைத்தான் மராத்தியில் தாலிம் என்கிறார்கள். பயிற்சி தருபவர் வஸ்தாத். மோரும் மஞ்சளும் எண்ணெயும் எலுமிச்சையும் கலந்து பதப்படுத்திய செம்மண் குழி அங்கே கோயில் கருவறைக்குச் சமம். அங்கே வளர்ந்தவர்களுக்குப் பாயின்ட் என்ற சங்கதியே கொஞ்சம் கசப்பானது. அவர்கள் மதிப்பது 'நிகாலி குஸ்தி', அதாவது முடிவு தெரியும் வரை மோதுவது. எதிராளியின் முதுகு மண்ணைத் தொட்டால் ஆட்டம் தீர்ந்தது. அதற்கு நடுவர் குழுவும் தேவையில்லை, மறு ஒளிபரப்பும் தேவையில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, பல பத்தாண்டுகளாக நம் பயில்வான்களோடு பின்னிப் பிணைந்த ஜப்பானியத் தொழில்முறை மல்லர்களை அளந்து பார்த்தால் என்ன? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். தொழில்முறை மல்யுத்தம் என்றாலே முடிவை முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். வடக்கே இதற்கு 'நூரா குஸ்தி' என்று பெயர். பேசி வைத்த ஆட்டத்தில் திறமை எது, பெயர் எது? ஜப்பானில் ரசிகர்கள் இன்றும் இதைத்தான் அடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரிக்கிடோசானா, கிமுராவா? இனோகியா, பாபாவா? எல்லோரையும்விட ஜம்போ சுருடாதான் பலசாலி என்று ஒரு தனிக் கட்சியே அங்கே உண்டு.

இதில் நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிங்காங் - தாராசிங் மோதலைக் கதை கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அந்த கிங்காங், ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, 1955-ல் டைகர் ஜோகிந்தர் சிங்கோடு ஜப்பானுக்குப் போய், அங்கே முதன்முதலாக வைத்த அகில ஆசிய இரட்டையர் பட்டத்தை வென்றவர். ஒற்றையர் பட்டத்துக்கான ஆட்டத்தில் கிங்காங்கைத் தோற்கடித்தவர் ரிக்கிடோசான்.

ரிக்கிடோசானில் இருந்துதான் ஜப்பானில் எல்லாம் தொடங்குகிறது. போரில் தோற்று, அமெரிக்கப் படை வந்து உட்கார்ந்துவிட்டுப் போன நாடு. 1954 பிப்ரவரியில் ஷார்ப் சகோதரர்கள் என்ற இரு கனடிய ஆஜானுபாகுகளை ஒரு ஜப்பானியர் கையால் வெட்டுவதுபோல் அடித்து விரட்டுவதைக் காணத் தெருவோரத் தொலைக்காட்சிப் பெட்டிகள் முன் கூட்டம் அலைமோதியது. அந்த 'ஜப்பானியர்' கொரியாவில் பிறந்தவர் என்பது ரசிகர்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை. சுமோ மேடையில் ஓரளவு உயர்ந்து, இடையில் விலகி வந்தவர் அவர். 1957-ல் உலக சாம்பியன் லூ தெஸ்ஸோடு டோக்கியோவில் மோதி டிரா செய்தார். 1963 டிசம்பரில் ஓர் இரவு விடுதியில் கத்திக்குத்துப்பட்டு ஒரு வாரத்தில் இறந்தார்.

அவருடைய பெயர் அவருடைய திறமையைவிடப் பெரியது என்பதே என் கணிப்பு. அதற்கு ஆதாரம் மசாஹிகோ கிமுரா. போருக்கு முன்பும் பின்பும் ஜப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரர். 1951-ல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியின் கையை முறுக்கி முதுகுப்பக்கம் வளைத்து முறித்தவர். அந்தப் பூட்டுக்கே உலகம் 'கிமுரா' என்று பெயர் வைத்துவிட்டது. ஷார்ப் சகோதரர்களுக்கு எதிராக ரிக்கிடோசானுக்குத் துணையாக நின்று, அடி வாங்கும் பாத்திரத்தை ஏற்றவரும் இவரே. அதே 1954 டிசம்பர் 22-ல் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். டிரா என்று பேசி வைத்திருந்ததாக கிமுரா பின்னால் சொன்னார். மேடையில் ரிக்கிடோசான் திடீரென்று நிஜமாகவே தாக்கத் தொடங்கினார். கிமுரா சுருண்டு விழுந்தார். வென்றவர் தேசத்தின் நாயகன் ஆனார். தோற்றவர் 1993-ல் இறக்கும் வரை அந்த ஒரு இரவைச் சுமந்தார். நம் வஸ்தாதுகளின் நியாயப்படி இது குஸ்தியே அல்ல. சலாம் போட்டு, மண்ணை எடுத்து எதிராளியின் உடம்பில் பூசி, கை கோத்த பிறகே மோதுவது இங்கே முறை.

கிமுராவின் பூட்டு இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறது, நமக்கு வேண்டியவர்களின் கையில்.

மாபெரும் காமாவை அறியாத பயில்வான் கிடையாது. 1910-ல் லண்டனில் ஸ்பிஷ்கோ என்ற போலந்து மல்லர் இரண்டரை மணி நேரம் குப்புறப் படுத்து அவரிடமிருந்து தப்பினார். 1928-ல் பாட்டியாலாவில் மறுபடியும் வந்தபோது ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காமாவின் தம்பி இமாம் பக்ஷ். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் பாகிஸ்தானில் தங்கியது. இமாம் பக்ஷின் மகன்களில் ஒருவர் அக்ரம். 1976 ஜூனில் முகமது அலியோடு டோக்கியோவில் 15 சுற்று மோதி, பெரும்பகுதி நேரம் தரையில் மல்லாந்து கிடந்து காலால் உதைத்து, உலகத்தின் கேலிக்கு ஆளாகியிருந்த ஆன்டோனியோ இனோகி அந்த டிசம்பர் 12-ல் கராச்சிக்கு வந்தார். இனோகிக்கு வயது 33. அக்ரம் நாற்பதைத் தாண்டியவர். இது பேசி வைத்த ஆட்டமல்ல என்பதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொண்டதாக ஜப்பானியத் தரப்பு சொல்கிறது. மூன்றாவது சுற்றில் இனோகி அக்ரமின் கையைப் பிடித்து முறுக்கினார். அக்ரம் தரையில் தட்டிச் சரணடைய மறுத்தார். கை போயிற்று. கிமுரா பூட்டேதான்.

அன்றைய தினம் நிரூபித்தது என்ன? இனோகி வெறும் நடிகர் இல்லை என்பதை அது நிரூபித்தது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் காமா பரம்பரையின் வித்தை தோற்றது என்று அதை விரித்துப் பேசுபவர்களை நான் ஏற்கமாட்டேன். மண் குஸ்தியில் முதுகைக் காப்பதுதான் வித்தை. கையை முறிக்கும் பூட்டுக்கு அங்கே பரிசு கிடையாது. அதனால் அதிலிருந்து விடுபடும் பழக்கமும் குறைவு. வயதோ, வந்தவருக்குச் சாதகம். 1979 ஜூனில் லாகூரில் அக்ரமின் அண்ணன் மகன் ஜாரா, இருபதைத் தொடாத இளைஞர், ஐந்து சுற்றும் இனோகியை விடாமல் பிடித்து உலுக்கினார். முடிவில் இனோகியே ஜாராவின் கையை உயர்த்திப் பிடித்தார். பாகிஸ்தானில் அது ஜாராவின் வெற்றி. ஜப்பானியக் கணக்கில் டிரா. யார் ஜெயித்தார் என்பதில்கூட இரண்டு நாடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் யார் பெரியவர் என்பதில் எப்படி ஒத்துப்போகும்?

இனோகியின் உடற்பயிற்சி எங்கிருந்து வந்தது என்பது இதைவிடச் சுவையானது. அவருடைய குரு கார்ல் காட்ச். ஜப்பானிய ரசிகர்கள் 'மல்யுத்தக் கடவுள்' என்று அழைத்த ஐரோப்பியர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் காரெல் இஸ்டாஸ் என்ற பெயரில் பெல்ஜியத்துக்காக மோதியவர். நம் பயில்வான்களின் தண்டாலையும் பைட்டக்கையும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர். 1972-ல் இனோகி ஆரம்பித்த நியூ ஜப்பான் அமைப்பின் பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேரும் பையன்கள் நூற்றுக்கணக்கில் பைட்டக் போட வேண்டும். ஜப்பானிய மொழியில் அதன் பெயரே 'ஹிந்து ஸ்குவாட்'. புனேயில் விடியற்காலை நாலு மணிக்குத் தாலிமில் போடும் பைட்டக்கும் அதுவே. அக்ரமைத் தோற்கடித்த கால்களில் பாதி நம்முடையவை என்று சொன்னால் இனோகியே மறுத்திருக்கமாட்டார். 2022 அக்டோபரில் அவர் காலமானார்.

பேசி வைத்த ஆட்டம் ஆடியவர்களுக்குத் திறமையே கிடையாது என்பவர்களுக்கு இன்னொரு பதில் ஜம்போ சுருடா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிரேக்க - ரோமானிய முறையில் மோதிவிட்டுத்தான் தொழில்முறைக்கு வந்தார். பேஸ்பால் வீரராக இருந்து மல்லரான ஜயன்ட் பாபாவுக்கு அந்தப் பின்னணி இல்லை. ஆனால் அளவுக்கு மீறி வளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டு கூட்டத்தை எப்போது எழுப்புவது, எப்போது அடக்குவது என்று தெரிந்தவர். அதுவும் ஒரு வித்தைதான், குஸ்தி வித்தை அல்ல. நம் தாராசிங்கை இந்த வரிசையில் எங்கே வைப்பது? தோல்வியே அறியாதவர் என்ற பெருமையை நான் அப்படியே விழுங்கத் தயாரில்லை. ஆனால் 1968-ல் பம்பாயில் அவரிடம் தோற்ற லூ தெஸ், பின்னாளில் தன் சுயசரிதையில் தாராசிங்கை அசல் மல்லர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நிஜமும் நடிப்பும் தெரிந்த ஒருவரின் சான்றிதழ் அது. ஹனுமான் வேஷத்தைவிட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே புறநானூறு நினைவுக்கு வராமல் இருக்காது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எங்கே, இன்னொரு கால் எங்கே என்று பிடியைத்தான் கவனித்துச் சொல்கிறார் புலவர். மகன் ஜெயித்ததை அவனோடு பகைகொண்ட தந்தை பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி என்ற ஆதங்கமும் அந்தப் பாட்டில் உண்டு. வெற்றி ஒன்று, அதைக் காண வேண்டியவர் கண்டு ஒப்புக்கொள்வது வேறொன்று.

கசாபா ஜாதவின் கதை இதற்குச் சரியான உதாரணம். சாத்தாரா மாவட்டத்தில் கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்துக்காரர். கார்ல் காட்ச் மோதிய அதே 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம் பெற்றார். 1952 ஹெல்சிங்கி போகப் பணமில்லை. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்ற ஜாதவ் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடம் தோற்றார். களைப்பு ஆறுவதற்குள் சோவியத் வீரரோடு மோத அழைத்துவிட்டார்கள், விதிப்படி தரவேண்டிய ஓய்வைக் கேட்டு வாதாட இந்திய அதிகாரி ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை என்பது மகாராஷ்டிரத்தில் இன்னும் ஆறாத புண். வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அவரை வென்ற இஷீ, அடிப்படையில் ஜூடோக்காரர். போருக்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படை ஜூடோவுக்குத் தடைபோட்டதால் மல்யுத்தத்துக்கு மாறியவர். ஹெல்சிங்கியில் ஜப்பான் வென்ற ஒரே தங்கம் அவருடையது. அந்த ஒரு தங்கத்தைப் பிடித்துக்கொண்டு ஜப்பான் மேலே ஏறியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் மட்டும் ஐந்து தங்கம். 2024 பாரிசில் எட்டு. நாம் என்ன செய்தோம்? ஜாதவ் மாட்டுவண்டி ஊர்வலத்தில் ஊர் திரும்பினார். 1955-ல் போலீஸ் வேலையில் சேர்ந்தார். 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தது 2000-ல். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 1996 வரை காத்திருந்தோம், அதுவும் டென்னிசில்.

புனேக்காரர்களிடம் ஜாதவைப் பற்றிப் பேசினால் இஷீயைத் திட்டமாட்டார்கள், தில்லியைத்தான் திட்டுவார்கள். ஜகார்த்தாவில் 1962-ல் தங்கம் வென்ற கண்பத் ஆந்தள்கர், மாருதி மானே, 1970 காமன்வெல்த் தங்கம் வென்ற ஹரிச்சந்திர பிராஜ்தார் என்று மண்ணில் வளர்ந்து பாயிலும் ஜெயித்தவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். பிராஜ்தார் புனேயின் கோகுல் வஸ்தாத் தாலிமில் பயிற்சி கொடுத்தவர். அவர் கையில் வளர்ந்த ராகுல் ஆவாரே 2019 உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். ஆனால் ஜாத்திரை மைதானத்தில் ஒரே நாளில் கிடைக்கும் ரொக்கப் பரிசு மண்ணில்தான் இருக்கிறது. ஒலிம்பிக் இருப்பது பாயில். இரண்டு காலையும் இரண்டு படகில் வைத்துக்கொண்டு நிற்கும் பையன்கள் தாலிமுக்குத் தாலிம் இருக்கிறார்கள். பாலும் பாதாமும் நெய்யும் வாங்க மாதாமாதம் பணம் அனுப்பும் விவசாயத் தகப்பனுக்கு எது பெரிது என்று விவாதம் செய்ய நேரமில்லை.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் ஹரியானாவின் அமன் சேராவத்தை ஜப்பானின் ரெய் ஹிகுச்சி 10-0 என்று தோற்கடித்தார். முதுகு விழுந்ததா, பக்கம் விழுந்ததா என்று யாரும் போனை உருட்டிப் பார்க்கவில்லை. ஹிகுச்சிக்குத் தங்கம், அமனுக்கு வெண்கலம். அது 57 கிலோ பிரிவு. ஹெல்சிங்கியில் இஷீயும் ஜாதவும் மோதியதும் 57 கிலோவில்தான்.