பங்கு பிரித்தலும் அட்சரகணிதமும்

அட்சரகணிதம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகம் வாடும் மாணவர் பலர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று எண்களோடு நின்ற வரையில் தெளிவாய் இருந்த கணக்கிலே எழுத்துகள் வந்து புகுந்ததும் அவர்தம் துணிவு தளர்ந்துவிடுகிறது. இத்தளர்ச்சி சாதாரண தரப் பரீட்சை மண்டபம் வரை அவர்களைப் பின்தொடர்வதும் உண்டு. "எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று பெற்றோரும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். உண்மையிலே அப்பிள்ளைகளுட் பலர் இழந்தது கணித அறிவை அன்று. தொடக்கத்திற் பற்றிக்கொள்ள வேண்டிய நாலைந்து கருத்துகளுள் ஒன்றையோ இரண்டையோதான். அவற்றை இங்கே ஒருமுறை மீட்டுப் பார்ப்போம்.

தெரியாததற்கு ஒரு பெயர்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களிலே குடும்பங்கள் நன்கறிந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒருவர் இறந்துபோனார். அடக்கச் செலவும் கடனும் தீர்த்தபின் எஞ்சியது 24 ஏக்கர் வயற்காணி. வாரிசுகள் மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். இஸ்லாமியப் பாகப்பிரிவினை முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதிலே ஒரு மகனுக்கு ஒரு மகளின் பங்கைப்போல் இரு மடங்கு. இலங்கையில் மரணசாசனம் இன்றி இறக்கும் முஸ்லிம்களின் சொத்துக்கு இம்முறையே செல்லும் என்பதை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உறுதிசெய்தது.

மனைவிக்கு 3 ஏக்கர் போக மிகுவது 21 ஏக்கர். ஒரு மகளின் பங்கு எவ்வளவு? அஃது இன்னும் தெரியவில்லை. தெரியாத அந்த எண்ணுக்கு 'ப' என்று பெயரிடுவோம். மகள் மூவருக்கும் 3ப. மகன் ஒருவனுக்கு 2ப, ஆகவே இருவருக்கும் 4ப. ஆக மொத்தம் 7ப. 7ப = 21 என்றால், ப = 3. மகளுக்கு 3 ஏக்கர். மகனுக்கு 6 ஏக்கர்.

இதிலே மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று. 'ப' என்பது பங்கின் சுருக்கெழுத்து அன்று. மகளையோ காணியையோ குறிப்பதும் அன்று. அஃது ஓர் எண். பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருப்பினும் கருத்து இதுவே. எண் என்பதனாலேதான் 3ப-வும் 4ப-வும் சேர்ந்து 7ப ஆயின. ஓர் எண்ணின் மூன்று மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்தால் அதன் ஏழு மடங்குதானே! ஆனால் 3ப-வையும் 4-ஐயும் சேர்த்து 7ப என்று எழுதலாகாது. ப எத்துணையென்று அறியாதபோது அவ்விரண்டும் ஒரே உறுப்பாக ஒன்றுபடமாட்டா.

தராசின் நீதி

இக்கணிதத்துக்கு உலகம் வழங்கும் பெயரே அறபு மொழியில் எழுந்தது. கலீபா அல்-மஃமூனின் ஆட்சியிலே (813–833) பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரில் 'அல்-ஜப்ர்', 'அல்-முகாபலா' என்ற இரு சொற்கள் உள்ளன. முன்னதிலிருந்தே 'அல்ஜிப்ரா' என்ற பெயர் பிறந்தது. முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கணக்கிலே, கழிந்து நிற்கும் உறுப்பைக் கூட்டிச் சமன்பாட்டை நிறைவாக்குதல் அல்-ஜப்ர். இரு பக்கத்திலும் உள்ள ஓரின உறுப்புகளை ஒன்றுக்கொன்று எதிர்நிறுத்திச் சமமாக நீக்குதல் அல்-முகாபலா.

20 − 3ப = 2ப என்ற சமன்பாட்டைப் பாருங்கள். இடப்பக்கத்தில் 3ப குறைந்து நிற்கிறது. இரு பக்கமும் 3ப கூட்டினால் 20 = 5ப; ஆகவே ப = 4. "மறுபக்கம் போனால் குறி மாறும்" என்று மாணவர் மனனஞ்செய்யும் விதியின் உட்பொருள் இதுவேயன்றி வேறில்லை. எந்த உறுப்பும் சமக்குறியைத் தாண்டிக் குதிப்பதில்லை. தராசின் ஒரு தட்டிலே செய்ததை மறு தட்டிலும் செய்கின்றோம். அதனாலே முள் நடுவில் நிற்கிறது. விதியை மட்டும் அறிந்தவன் தடுமாறும் இடத்திலே, தராசை அறிந்தவன் தடுமாறான்.

வாரிசுரிமை, மரணசாசனம், வாணிகம், காணி அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு உதவவே அல்-குவாரிஸ்மி தம் நூலை எழுதினார். நூலின் பெரும் பகுதியொன்று பாகப்பிரிவினைக் கணக்குகளே. அவற்றுள் ஒன்று இது: இரு மக்களையுடைய ஒருவர், தம் சொத்தில் மூன்றில் ஒன்றை அயலார் ஒருவருக்கு எழுதிவைத்து இறந்தார். கையில் இருந்தது 10 திர்ஹம். மக்களுள் ஒருவன் அவருக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருந்தான். அக்கடனுக்கு அவன் தன் பங்கையே ஈடாக விடுகிறான் என்றால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு?

பங்கை அறியாமல் சொத்தை அறிய இயலாது. சொத்தை அறியாமல் பங்கை அறிய இயலாது. இங்கேதான் அட்சரகணிதம் கைகொடுக்கிறது. கடனிலே ஈடாகும் தொகை ப எனக் கொண்டால், சொத்து 10 + ப. அதில் மூன்றில் ஒன்று அயலாருக்கு. மிகுதி இரு மக்களுக்கும் சமமாக. எனவே மூவருக்கும் மூன்றில் ஒவ்வொரு பாகம். கடன்பட்ட மகனின் பாகம் ப ஆகையால், 3ப = 10 + ப. இரு பக்கமும் ப-வை நீக்கினால் 2ப = 10; ப = 5. கையிருப்பான 10 திர்ஹமை அயலாரும் மற்ற மகனும் ஐந்தைந்தாகப் பெறுவர். அல்-குவாரிஸ்மி இதனைக் குறியீடுகள் எவையும் இன்றி, தெரியாத எண்ணைப் 'பொருள்' என்று அழைத்து, முற்றும் சொற்களாலேயே செய்துகாட்டினார். சமக்குறியை இங்கிலாந்தின் றொபேட் றெக்கோட் அச்சிட்டு வழங்கியது 1557 இலேதான்.

கடனும் செல்வமும்

மறை எண்களைக் கண்டு மயங்குவோர் 628 ஆம் ஆண்டிலே பிரமகுப்தர் காட்டிய வழியைக் கைக்கொள்க. நேர் எண்ணைத் தனம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் அவர் வழங்கினார். கடைக்காரரிடம் உமக்கு ஐந்து ரூபாய்க் கடன் மூன்று உண்டு. அம்மூன்றையும் அவர் தள்ளுபடி செய்துவிட்டால் உமது நிலை 15 ரூபாய் உயர்ந்ததன்றோ? கடன் என்பது −5, மூன்றை நீக்குதல் என்பது −3, பெருக்கினால் +15. "மறையை மறையாற் பெருக்க நேர்" என்பது இதுதான்.

ஐந்து சேலைக்கும் கரை வேண்டும்

அடைப்பை நீக்குவதிலே நேரும் பிழையை மருதமுனை நெசவாளர் எவரும் செய்யார். ஒரு சேலையின் உடலுக்கு அ கிராம் நூலும் கரைக்கு க கிராம் நூலும் வேண்டும் என்க. ஐந்து சேலைக்கு 5(அ + க), அதாவது 5அ + 5க. இதனை 5அ + க என்று எழுதும் மாணவன், ஐந்து சேலை நெய்து ஒன்றுக்கு மட்டும் கரை வைத்தவன் ஆகிறான்!

காணியின் மூலை

இருபடிச் சமன்பாட்டுக்கு அல்-குவாரிஸ்மியின் புகழ்பெற்ற உதாரணம் ப² + 10ப = 39. இதனை வரைந்து பார்க்கலாம். பக்கம் ப உடைய ஒரு சதுரக் காணி. அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள துண்டுகளைச் சேருங்கள். துண்டு ஒன்றின் பரப்பு 5ப, இரண்டும் 10ப. மொத்தப் பரப்பு 39. ஆனால் வடிவம் நிறைவுறவில்லை. மூலையிலே 5-க்கு 5 ஆன ஒரு சிறு சதுரம் குறைகிறது. அந்த 25-ஐச் சேர்த்தால் பெருஞ்சதுரம் 64; அதன் பக்கம் 8; ஐந்தைக் கழித்தால் ப = 3. "வர்க்கத்தை நிறைவாக்கல்" என்று பாடப்புத்தகம் கூறுவது இம்மூலையை நிரப்புவதையே. −8-இன் வர்க்கமும் 64 ஆதலால், −13 என்ற இன்னொரு விடையும் உண்டு. காணியின் நீளம் மறையாகாது என்பதால் அங்கே 3 மட்டுமே பொருந்தும். வெறும் சமன்பாடாயின் இரண்டையும் எழுத வேண்டும்.

எந்த விடை கிடைத்தபோதும் அதனை முதற் சமன்பாட்டிலே இட்டுப் பார்க்க மறவாதீர்கள். 9 + 30 = 39; ஆகவே 3 சரி. பரீட்சை மண்டபத்தில் ஆசிரியர் அருகில் இல்லாவிட்டாலும், விடை சரியா தவறா என்பதை இவ்வாறு மாணவன் தானே தீர்த்துக்கொள்ளலாம். பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலே பிழையைக் காணும்போது "கணக்கு வராது" என்று கூறாதீர்கள். "எழுத்து எந்த எண்ணுக்காக நிற்கிறது? இரு தட்டிலும் ஒன்றையே செய்தாயா?" என்று கேளுங்கள். வீட்டிலே பங்கு பிரிக்கத் தெரிந்த எவரும் இவ்விரு வினாக்களையும் கேட்கலாம். அதற்கு அட்சரகணிதம் கற்றிருக்க வேண்டியதில்லை.